கரப்பானும் பத்தியமும்

மனிதனை வாட்டும் நோய்களுள் உயிரைப் பறிப்பன சில. உறக்கத்தைப் பறிப்பன பல. இரண்டாம் வகையைச் சார்ந்தது கரப்பான். எக்ஸிமா என்று மேலை மருத்துவர் வழங்கும் இந்நோயில் தோல் வறண்டு, சிவந்து, தடித்து, நீர் கசிகின்றது. அரிப்போ இரவில் மிகுகின்றது. குழந்தை சொறிந்துகொண்டே அழ, தாயும் உடன் விழித்திருக்கின்றாள். ஆறியது போலிருக்கும், மீண்டும் தோன்றும்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் ஒரு குழந்தைக்கு இந்நோய் கண்டால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் எடுத்துரைப்பது மருந்தையன்று, விலக்கையே. கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, மீனும் முட்டையும் ஆகா, அம்மண்ணில் விளையும் கம்பும் வரகும் ஆகா, மல்லாட்டை என்று மக்கள் அழைக்கும் மணிலாக் கொட்டை அறவே ஆகாது. இவ்வாறு விலக்கிக்கொண்டே போனால், வளரும் பிள்ளையின் தட்டில் எஞ்சுவது ரசமும் சோறுமே. பத்தியம் என்பது இதுதானா? நம் மருத்துவ முன்னோர் இதைத்தான் கற்பித்தார்களா? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பட்டாடைச் சலுகை

அரிப்பு நோயைப் பற்றிய செய்தியொன்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. ஆண்களுக்குப் பட்டாடை விலக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். எனினும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய தோழர் இருவர்க்கும் உடலில் அரிப்பு ஏற்பட்டபோது, அவர்கள் பட்டுச் சட்டை அணிந்துகொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இசைவளித்தார்கள். தோலின் துன்பம் நீங்கும் பொருட்டு ஒரு விலக்கே தளர்த்தப்பட்டது. 14ஆம் நூற்றாண்டில் திமிஷ்கில் வாழ்ந்த இமாம் இப்னுல் கைய்யிம் அவர்கள், நபிவழி மருத்துவம் பற்றி எழுதுகையில் இச்செய்தியை எடுத்துக்கொண்டு, அரிப்புற்ற உடலுக்குப் பட்டு எவ்வாறு இதமளிக்கின்றது என்று விரித்துரைக்கின்றார்கள்.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அத்தோழர்களுக்கு அளிக்கப்பட்ட நிவாரணம் உணவைச் சார்ந்ததன்று, உடையைச் சார்ந்தது. தோலை உறுத்துவதை நீக்கி, இதமானதை அணிவித்தலும் சிகிச்சையே என்னும் உண்மை அதில் அடங்கியுள்ளது.

ஆறு இன்றியமையாதவை

யூனான் என்னும் அரபுச் சொல்லும், நம் சங்கப் புலவர்கள் ஆண்ட யவனர் என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த யவன நாட்டு மருத்துவ அறிவை 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அரபு மொழிக்குக் கொணர்ந்தவர்களுள் தலையாயவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். அதனை வளர்த்தவர் ராஸீ. அதனை முழுமையாக ஒழுங்குபடுத்தி 'அல்கானூன்' என்னும் பெருநூலாக யாத்தவர் இப்னு ஸீனா (980–1037). 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூல், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கிற்று.

மனிதனின் உடல்நலம் ஆறு பொருள்களைப் பொறுத்தது என்பது இம்மரபின் அடித்தளம். அஸ்பாபே ஸித்தா ஸரூரிய்யா என்று அவை அழைக்கப்படும். சூழ்ந்துள்ள காற்று, உணவும் பானமும், உடலின் உழைப்பும் ஓய்வும், உள்ளத்தின் கிளர்ச்சியும் அமைதியும், உறக்கமும் விழிப்பும், உடலில் தங்க வேண்டியவை தங்கலும் கழிய வேண்டியவை கழிதலும் - இவையே அந்த ஆறு. நோயாளியின் மிஜாஜ் எனும் உடல் தன்மையை அறிந்து, முதலில் இவற்றைச் சீர்செய்வதே ஹகீமின் கடமை.

உணவு அந்த ஆறனுள் ஒன்று, ஒன்று மட்டுமே! நம் இல்லங்களிலோ மற்ற ஐந்தும் மறக்கப்பட்டு, உணவு விலக்கு ஒன்றே பத்தியம் என்ற பெயரால் நிலைத்துவிட்டது. அந்த ஒன்றிலும் மூதறிஞர் நாடியது, இன்னார்க்கு இன்னது ஏற்கும் என்று ஆய்ந்து ஊட்டுதலை. நாம் கைக்கொண்டதோ எல்லார்க்கும் எல்லாவற்றையும் தடுத்தலை.

செஞ்சியும் சென்னையும்

இம்மருத்துவம் நம் பகுதிக்கு அந்நியமானதன்று. திண்டிவனத்துக்கு மேற்கேயுள்ள செஞ்சிக் கோட்டை 1714இல் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கான் வசமாயிற்று. அவர் பெயரால் விளங்கும் பள்ளிவாசல் இன்றும் அக்கோட்டையில் நிற்கின்றது. நவாபுகளின் ஆதரவில் ஆற்காட்டிலும் பின்னர் சென்னையிலும் ஹகீம்கள் வாழ்ந்தனர். சித்த மருத்துவமும் முஸ்லிம்களுக்கு அயலானதன்று. சித்தர் இராமதேவர் மக்கா சென்று யாகோபு என்னும் பெயர் பூண்டதாக மரபு கூறும். அப்பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களும் உள.

ஆங்கிலேயர் ஆட்சியில் நாட்டு வைத்தியம் மதிப்பிழந்து நின்ற வேளையில், அதன் தகுதியை ஆராயச் சென்னை அரசாங்கம் 1921இல் ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர், பின்னாளில் 1934இல் சென்னையின் தற்காலிக ஆளுநராகவும் பணியாற்றிய முகம்மது உஸ்மான் சாகிப் அவர்கள். சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் ஆராய்ந்த உஸ்மான் குழு 1923இல் அறிக்கை அளித்தது. அதன் பயனாக 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றி, மூன்று முறைகளையும் கற்பித்தது. அரசு யூனானி மருத்துவக் கல்லூரி 1979-80இல் சென்னையில் அமைந்தது. இன்று ஹைதராபாதில் தோல்நோய்களுக்கென்றே தேசிய யூனானி ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகின்றது. உஸ்மான் குழு காட்டிய வழி, பழமையைக் கண்மூடிப் போற்றுவதன்று, ஆராய்ந்து ஏற்பது. அதே அளவுகோலை நம் வீட்டுப் பத்தியத்துக்கும் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

விலக்கின் விளைவு

திண்டிவனத்தின் பெயர் வேளாண்மை உலகில் நிலைத்திருப்பது அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தால். உழவர்கள் நன்கறிந்த டி.எம்.வி. மணிலா வகைகளில் அம்மூன்றெழுத்தும் திண்டிவனத்தையே குறிப்பன. அந்த மணிலாவைப் பற்றியே ஓர் அரிய ஆய்வு லண்டன் நகரில் நிகழ்ந்தது.

ஒவ்வாமையுள்ள குடும்பங்களில் பிறந்த குழந்தைகளுக்கு மூன்று வயது வரை மணிலா தரலாகாது என்று 1998இல் இங்கிலாந்தில் அறிவுறுத்தப்பட்டது. விலக்கினால் ஒவ்வாமை குறையும் என நம்பினர், குறையவில்லை. பேராசிரியர் கிடியன் லாக் குழுவினர், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளைத் தெரிந்து, ஒரு சாராருக்கு மணிலா உணவைத் தவறாது கொடுக்கவும், மறு சாராருக்கு விலக்கவும் செய்தனர். முடிவு 2015இல் வெளியாயிற்று. ஐந்து வயதில், விலக்கிய குழந்தைகளுள் நூற்றுக்கு 17.2 பேருக்கு மணிலா ஒவ்வாமை கண்டது. உண்ட குழந்தைகளுள் 3.2 பேருக்கே கண்டது. காக்கும் என்று நம்பிய விலக்கே கேடாய் முடிந்தது!

இதற்குக் காரணமும் துலங்கி வருகின்றது. தோலைக் காக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுக் குறை கரப்பானுக்கு ஒரு முக்கிய காரணமென 2006இல் கண்டறியப்பட்டது. அரண் பழுதுற்ற தோலின் வழியே உணவுத் துகள் புகுமாயின், உடல் அதைப் பகையாகக் கருதக்கூடும். வாய்வழி முறையாகச் சென்றாலோ உறவாகப் பழகுகின்றது. ஆகவே, உணவால் கரப்பான் வந்தது என்று நாம் எண்ணும் பல இடங்களில், கரப்பானே உணவு ஒவ்வாமைக்கு வழி திறந்திருக்கலாம்.

எந்த உணவும் எவர்க்கும் தீங்கிழைக்காது என்பதன்று நம் கருத்து. பால், முட்டை முதலியன சில குழந்தைகளுக்கு ஒவ்வாதவையே. உண்டவுடன் தடிப்போ, வாந்தியோ, மூச்சுத் திணறலோ கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். கடுமையான கரப்பானுள்ள கைக்குழந்தைக்கு மணிலாவை முதன்முதல் தருவதும் மருத்துவர் சொற்படியே ஆகவேண்டும். முழுக் கொட்டை தொண்டையில் அடைக்குமாதலால் அரைத்தே தருதல் வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டார் சொன்னதற்காகப் பத்து உணவுகளை ஆண்டுக்கணக்கில் நிறுத்தினால், கரப்பான் போகாது. பிள்ளையின் வளர்ச்சியே போகும்.

மறந்த ஐந்து

இனி, மறந்த ஐந்தையும் நினைவுகூர்வோம்.

காற்று முதலாவது. 1950களில் பூனாவில் காணப்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் செடி இன்று சாலையோரங்களை மூடிக் கிடக்கின்றது. காற்றில் வரும் அதன் துகள் முகத்திலும் கழுத்திலும் கடும் கரப்பானை விளைவிக்கும். கத்தரிக்காயை விலக்குமுன் வீட்டைச் சுற்றியுள்ள அச்செடியைக் கையுறையணிந்து களைவது மேல்.

உழைப்பின் வியர்வையை உடலில் காயவிடாது கழுவுதல் நன்று. கொதிநீரும் காரமான சோப்பும் தோலின் எண்ணெய்ப் பசையை அரிப்பன. இளஞ்சூட்டு நீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரம் உலருமுன் பசைப்பொருள் தடவுதல் இன்றைய மருத்துவத்தின் முதல் விதி. ஜைத்தூன் எண்ணெயை நாம் சிறப்புடையதாகப் போற்றுகின்றோம். ஆயினும் கரப்பானுற்ற தோலுக்குத் தேங்காயெண்ணெயே மேலெனப் பிலிப்பைன்ஸ் நாட்டில் 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. உளூவின் நீரும் கைவெடிப்புக்குத் தீங்காகுமென மருத்துவர் கூறின், நோயாளிக்குத் தயம்மும் என்னும் சலுகையை மார்க்கம் வைத்தே இருக்கின்றது. ஆலிம்களைக் கேட்டு நடத்தல் தகும்.

உடையில் முரட்டுக் கம்பளியும் செயற்கை இழையும் நீக்கி, மெல்லிய பருத்தி அணிதல் போதும். சிறப்பாக நெய்த பட்டாடையைக் கரப்பானுற்ற 300 குழந்தைகளுக்கு அணிவித்து, இங்கிலாந்தில் 2017இல் வெளியான ஆய்வு, வழக்கமான சிகிச்சையைக் காட்டிலும் அதில் கூடுதல் பயன் காணவில்லை. பட்டு என்னும் பொருளைவிட இதம் என்னும் கருத்தே நாம் கொள்ளத்தக்கது. நகத்தை ஒட்ட வெட்டுதல், இரவு உறக்கத்தைக் காத்தல், பிள்ளையைச் சொறியாதே என்று அதட்டி அதன் மனத்தை நோகச் செய்யாதிருத்தல் - இவையும் சிகிச்சையே.

மருந்தையும் வெறுக்கலாகாது. 1952இல் புழக்கத்துக்கு வந்த ஸ்டீராய்டு களிம்புகள், மருத்துவர் குறித்த அளவில் நற்றுணையாவன. கடையில் தாமாகவே வாங்கிப் பூசினால் தோலை மெலிவிப்பன. அவற்றுள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென மைய அரசு 2018இல் விதித்தது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கிவருவதால், தக்க ஆலோசனை பெற இவ்வட்டார மக்கள் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை.

இப்னு ஸீனாவின் வழித்தோன்றல்கள் என்று பெருமை பேசும் நாம், அவர் வகுத்த ஆறனுள் ஒன்றைப் பற்றி ஐந்தை விட்டோம். உண்பதிலும் பருகுவதிலும் வரம்பு மீறலாகாது என்பது திருமறையின் கட்டளை. உண்ணாமையிலும் வரம்பு உண்டு என்பதை, அரிப்பால் துவளும் நம் பிள்ளைகளின் பொருட்டேனும் உணர்வோமாக. நோயைத் தந்து நிவாரணத்தையும் வைத்துள்ள வல்ல அல்லாஹ், அதை ஆய்ந்தறியும் அறிவையும் நமக்கு அருள்வானாக!