கூட்டுறவுச் சங்கப் பணியாளரும் தொடர்பயிற்சியும்

கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான முதல் சட்டம் 1904இல் இந்தியாவில் இயற்றப்படுவதற்கு முன்பே, அதற்கான சிந்தனை சென்னை மாகாணத்தில் உருப்பெற்றிருந்தது. ஐரோப்பிய நிலவங்கி முறைகளை மாகாண அரசுக்காக ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், 1895இலும் 1897இலும் வெளிவந்த தம் அறிக்கையில், ஜெர்மனியின் ரைஃபைசன் வகைக் கிராமக் கடன் சங்கமே இங்குள்ள உழவர்க்கு ஏற்றது என்று வாதிட்டிருந்தார். அவ்வகைச் சங்கங்களின் ஆதாரம் ‘வரம்பற்ற பொறுப்பு’ என்னும் விதியாகும். அதாவது, சங்கம் பட்ட கடனை அடைக்க அதன் சொத்து போதாதபோது, ஒவ்வோர் உறுப்பினரும் தம் பங்குத் தொகையோடு நில்லாமல், நிலம் வீடு உள்ளிட்ட உடைமைகளைக் கொண்டும் ஈடுசெய்யக் கடமைப்பட்டிருந்தார். எனவே செயலாளரின் பேரேட்டில் நேரும் பிழை ஊராரின் நிலத்தையே பறிக்கக்கூடியதாக இருந்தது. திருவள்ளூரை அடுத்த திரூரில் 1904இலேயே வேளாண் கடன் சங்கம் பதிவாகி, பிற ஊர்களிலும் சங்கங்கள் பெருகியபோது, இவ்வளவு பெரிய பொறுப்பு பெரும்பாலும் ஓய்வுநேரத்தில் கணக்கெழுதிய பள்ளி ஆசிரியர்களிடமும் கர்ணங்களிடமுமே ஒப்படைக்கப்பட்டது.

சங்கங்களின் எண்ணிக்கையைவிட அவற்றில் இருப்போரின் கூட்டுறவு அறிவே முதன்மையானது என்பதை கூட்டுறவு இயக்கத்தை ஆராய்ந்த மெக்லகன் குழு 1915இல் வலியுறுத்தியது. ஆயினும், 1929க்குப் பின் உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருள் விலை சரிந்து, தவணை கடந்த பாக்கிகள் குவிந்த பிறகே அக்கூற்றின் முழுக் கனமும் புலப்பட்டது. அக்காலச் சங்கங்களைச் சீரழித்த பழக்கம் ஒன்றை இங்கு விரிவாக நோக்குவது தகும். உறுப்பினரின் பழைய கடன் தீர்ந்ததாக ரொக்கப் புத்தகத்தில் வரவு வைத்து, அதே நாளில் அதே அளவு தொகையைப் புதுக்கடனாகப் பற்று எழுதினால், ஒரு ரூபாய்கூடக் கைமாறாமலேயே பாக்கி மறைந்துவிடும். ஆண்டிறுதி அறிக்கையில் வசூல் செழிப்பாகத் தோன்றும், உள்ளே வாராக்கடன் வளர்ந்துகொண்டிருக்கும். இதைச் செய்தவர் எல்லாரையும் மோசடிக்காரர் என்பது நியாயமன்று; தவணை நீட்டிப்புக்கும் பொய் வரவுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுள் பலருக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை.

நாடு விடுதலையடைந்த பின்னரே பயிற்சி ஓர் ஒழுங்கமைப்பைப் பெற்றது. மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் இணைந்து 1953இல் கூட்டுறவுப் பயிற்சிக்கான மத்தியக் குழுவை அமைத்தன. உயர்நிலை அலுவலர்களுக்குப் புணேயிலும், இடைநிலையினருக்குச் சென்னை உள்ளிட்ட வட்டார மையங்களிலும் பயிற்சி அளிக்கப்பட, கீழ்நிலைப் பணியாளர் மாநிலங்களின் பொறுப்பில் விடப்பட்டனர். ஊரக மக்கள் பெற்ற கடனில் ஏறத்தாழ 3 விழுக்காடே கூட்டுறவின் வழியாக வந்தது என்று 1954இல் கோர்வாலா தலைமையிலான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வுக் குழு காட்டியது இம்முயற்சிக்கு வேகமூட்டியது.

ஆயினும் இவ்வமைப்பில் ஒரு குறை நிலைத்துவிட்டது. கூட்டுறவுப் பட்டயம் பணியில் சேர்வதற்கும் பதவி உயர்வுக்கும் உரிய தகுதியாகக் கருதப்பட்டதேயன்றி, பணிக்காலம் முழுவதும் புதுப்பிக்கப்பட வேண்டிய அறிவாக அது கருதப்படவில்லை. சட்டமோ நின்ற இடத்தில் நிற்கவில்லை: சென்னை மாகாணத்துக்கெனத் தனிச் சட்டம் 1932இல் வந்தது, பின்னர் 1961இலும் 1983இலும் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. இளமையில் ஒரு சட்டத்தைப் பயின்றவர் ஓய்வு பெறுவதற்குள் மற்றொன்றின் கீழ்த் தீர்மானம் எழுத நேர்ந்தது. அந்த இடைவெளியைப் பெரும்பாலும் தணிக்கையாளரின் ஆட்சேபணைக் குறிப்புகளே நிரப்பின.

இன்றைய மாற்றம் அவற்றினும் பெரியது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000ஐ ரூ. 2,516 கோடிச் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022இல் ஒப்புதல் அளித்தது. 2025இல் ஆனந்தில் திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகம் சட்டத்தின் வழி நிறுவப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் பொய் வரவைப் பேரேட்டில் எழுதியது போலவே திரையிலும் பதியலாம் என்பதால், மென்பொருளை இயக்கக் கற்பிப்பதோடு பயிற்சி நின்றுவிடக் கூடாது. ஓரிரு பணியாளரை மட்டும் கொண்டு இயங்கும் சிறு சங்கத்தில் செயலாளர் பயிற்சிக்குச் சென்றால், பயிர்க்கடன் கேட்டு வருவோர் பூட்டிய கதவைக் கண்டு திரும்ப நேரும்; ஆகவே மாற்றுப் பணியாளரை அனுப்புவதற்கும் மாவட்ட அளவில் குறுகிய வகுப்புகளை ஆண்டுதோறும் நடத்துவதற்கும் ஆகும் செலவும் பயிற்சிச் செலவாகவே கணக்கிடப்பட வேண்டும்.