ஓஸ் நாட்டின் வாசகர்கள்

எல். ஃபிராங்க் பாம் எழுதி, டபிள்யூ. டபிள்யூ. டென்ஸ்லோ ஓவியம் தீட்டி, சிகாகோவின் ஜார்ஜ் எம். ஹில் நிறுவனம் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஓஸ் நாட்டின் அற்புத மந்திரவாதி’ என்னும் நாவல், அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தில் மிகுதியாக வாசிக்கப்பட்ட நூல்களுள் ஒன்று; மிகுதியாக வழக்காடப்பட்ட நூல்களுள்ளும் ஒன்று. கான்சாஸ் சமவெளியில் வாழும் டோரதி என்னும் சிறுமியைச் சூறாவளி வீட்டோடு தூக்கிச் சென்று ஓஸ் என்னும் விந்தை நாட்டில் இறக்கிவிட, மூளை வேண்டும் சோளக்கொல்லை பொம்மையும், இதயம் வேண்டும் தகர மரவெட்டியும், துணிச்சல் வேண்டும் கோழைச் சிங்கமும் துணைவர, அவள் மரகத நகரத்து மந்திரவாதியை நாடிச் செல்வதே கதை. எளிய இக்கதையைப் பற்றிக் குழந்தைகளும் பெரியவர்களும் கொண்ட கருத்துகள் தொடக்கம் முதலே வெவ்வேறு வழிகளில் சென்றன. குழந்தைகளின் கருத்து கடிதங்களாக ஆசிரியரை அடைந்து அடுத்தடுத்த நூல்களின் கதையாகவே உருமாறியது. பெரியவர்களின் கருத்தோ நூலக அலமாரிகளையும் ஆய்விதழ்களையும் நீதிமன்றத்தையும் சென்றடைந்தது. இவ்விரண்டில் நூலை நூலாகவே வாசித்தவர்கள் பெரும்பாலும் குழந்தைகளே என்பதைச் சான்றுகள் காட்டுகின்றன.

நூலின் முன்னுரையில் பாம் தம் நோக்கத்தை வெளிப்படையாகக் கூறியிருந்தார். பழைய ஐரோப்பியத் தேவதைக் கதைகள் அச்சமூட்டும் நிகழ்ச்சிகளின் வழியே நீதி புகட்டின என்றும், நீதிபோதனையைப் பள்ளிக்கூடம் ஏற்றுக்கொண்டுவிட்ட காலத்தில் குழந்தைக்கு வியப்பும் மகிழ்ச்சியும் தரும் கதையே போதும் என்றும், ஆகவே துயரத்தையும் கொடுங்கனவையும் நீக்கிய புதுவகைத் தேவதைக் கதையைத் தாம் எழுதியிருப்பதாகவும் அவர் கருதினார். செப்டம்பர் 1900இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிட்ட மதிப்புரை உள்ளிட்ட முதல் மதிப்புரைகள் பொதுவாகப் பாராட்டாகவே அமைந்தன. முந்தைய ஆண்டில் வெளிவந்த ‘ஃபாதர் கூஸ்’ என்னும் படப்பாடல் நூலால் பாமும் டென்ஸ்லோவும் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்ததும், வண்ணப் படங்கள் நிறைந்த அச்சமைப்பு அந்நாளில் புதுமையாக இருந்ததும் இதற்குத் துணைநின்றன. நூலைத் தழுவி 1902இல் சிகாகோவிலும் 1903 தொடக்கத்தில் நியூயார்க்கிலும் அரங்கேறிய இசை நாடகம் கதையின் பெயரைப் பெரியவர்களிடையேயும் பரப்பியது.

குழந்தைகளின் கருத்தை அறிய வரலாற்றாய்வாளருக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்று, பாம் பின்னர் எழுதிய ஓஸ் நாவல்களின் முன்னுரைகளாகும். அவை விற்பனை நோக்கமும் கலந்த எழுத்துகள் என்பதால் அவற்றை எச்சரிக்கையுடனேயே கையாள வேண்டும். 1904இல் வெளிவந்த இரண்டாம் நாவலான ‘வியத்தகு ஓஸ் நாடு’, ஆயிரம் சிறுமியர் ஆயிரம் கடிதம் எழுதிக் கேட்டால் மேலும் ஒரு கதை எழுதுவதாகத் தாம் ஒரு சிறுமிக்கு வாக்களித்ததன் விளைவே என்று பாம் கூறியிருந்தாலும், அந்நூல் முன்னைய இசை நாடகத்தில் நடித்துப் புகழ்பெற்ற மான்ட்கோமரி, ஸ்டோன் என்னும் இரு நகைச்சுவை நடிகர்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருப்பது, கடிதங்களோடு மேடை வருமானமும் அவர் மனத்தில் இருந்ததைக் காட்டுகிறது. எனினும் முன்னுரைகளையும் கதைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, கடிதங்கள் வெறும் அலங்காரப் பேச்சல்ல என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது.

இரண்டாம் நாவலில் டோரதி இல்லை. ஓஸ்மா என்னும் இளவரசி ஆட்சிக்கு வருவதோடு அக்கதை முடிகிறது. டோரதியையும் ஓஸ்மாவையும் ஏன் சந்திக்க வைக்கக் கூடாது என்று குழந்தைகள் கேட்டதாக 1907இன் ‘ஓஸ்மா’ நாவலின் முன்னுரை குறிப்பிடுகிறது. அந்நாவலின் கதையே அச்சந்திப்பு ஆகும். முதல் நாவலில் பலூனில் பறந்து சென்ற மந்திரவாதி என்ன ஆனார் என்ற கேள்விக்கு 1908இன் நாவலும், டோரதியின் நாய்க்குட்டி டோட்டோ எங்கே என்ற கேள்விக்கு 1909இன் நாவலும் விடையாயின. இதில் நுட்பமான செய்தி ஒன்றும் உண்டு. குழந்தையாயிருந்த ஓஸ்மாவைக் கிழச் சூனியக்காரியிடம் ஒப்படைத்தவர் மந்திரவாதியே என்று இரண்டாம் நாவல் கூறியிருக்க, அவர் திரும்பிவரும் நாவலில் அக்குற்றம் ஓசையின்றிக் கைவிடப்பட்டு, அவர் மீண்டும் அன்புக்குரியவராகிறார். குழந்தைகள் நேசித்த ஒருவரைக் குற்றவாளியாக வைத்திருப்பது கதாசிரியராலும் இயலவில்லை என்றே இதற்குப் பொருள் கொள்ளலாம்.

1910இல் வெளிவந்த ‘மரகத நகரம்’ நாவலின் முன்னுரையில், நூலின் தலைப்புப் பக்கத்தில் தம் பெயரோடு கடிதம் எழுதிய குழந்தைகளையும் ஆசிரியராகச் சேர்க்க வேண்டியிருக்கும் என்று பாம் எழுதினார். ஆனால் அதே நூலில்தான் அவர் தொடரை முடித்துவிடவும் முயன்றார்: ஓஸ் நாடு மந்திரத்தால் வெளியுலகின் கண்ணுக்கு மறைக்கப்பட்டுவிட்டது, இனி அங்கிருந்து செய்தி எதுவும் வராது என்று கதை முடிகிறது. 1911இலும் 1912இலும் கடலையும் வானையும் களமாகக் கொண்டு அவர் எழுதிய புதிய கற்பனை நாவல்கள் ஓஸ் கதைகள் அளவுக்கு விற்கவில்லை; 1911இல் அவர் கடன் தீர்க்க இயலாதவராகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டும் இருந்தார். மறைந்த நாட்டிலிருந்து கம்பியில்லாத் தந்தி மூலம் செய்தி பெறலாமே என்று ஒரு குழந்தை வழி காட்டியதாக அவர் மீண்டும் ஓஸ் நாட்டுக்கே திரும்பிய 1913இன் ‘ஒட்டுத்துணிச் சிறுமி’ நாவலின் முன்னுரை கூறுகிறது. ஆசிரியர் அடைத்த கதவைத் திறக்க வாசகரே அக்காலத்தின் புத்தம்புதிய தொழில்நுட்பத்தைக் கருவியாகக் கொடுத்தது, இலக்கிய வரலாற்றில் எளிதில் காணக் கிடைக்காத நிகழ்ச்சியாகும்.

கடிதங்களின் கூர்மையை எல்லாவற்றினும் நன்றாகக் காட்டுவது 1918இன் ‘தகர மரவெட்டி’ நாவல். மரவெட்டி முதலில் தசையும் எலும்புமான மனிதன். மஞ்ச்கின் இனத்துப் பெண்ணொருத்தியை மணக்க விரும்பிய அவனுடைய கோடரிக்குச் சூனியக்காரி மந்திரமிட, அது அவன் உறுப்புகளை ஒவ்வொன்றாக வெட்டிப்போட, வெட்டுண்ட இடங்களில் தகரம் பொருத்தப்பட்டதால் அவன் முழுத் தகர மனிதனானான் என்று முதல் நாவல் கூறிச் சென்றது. இதயம் கிடைத்த பின் அவன் அந்தப் பெண்ணைத் தேடிப் போனானா என்பதை அந்நூல் சொல்லவேயில்லை. அப்பெண் என்ன ஆனாள் என்று குழந்தைகள் திரும்பத் திரும்பக் கேட்டதாலேயே இந்நாவலை எழுதியதாகப் பாம் முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். 18 ஆண்டுகளாக விடையின்றிக் கிடந்த இக்கேள்வி, கதையின் அற மையத்தைத் தொடுவது. இதயம் பெற்றதாகப் பெருமைகொள்ளும் ஒருவன் முன்பு வாக்களித்த பெண்ணை மறந்திருந்தால் அந்த இதயம் எத்தகையது என்னும் கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது. தொழில்முறை விமர்சகர் எவரேனும் கேட்டிருந்தால் இது சிறந்த திறனாய்வாகப் போற்றப்பட்டிருக்கும்.

1919இல் பாம் இறந்தபோது, அடுத்த ஆண்டு வெளிவந்த கடைசி நூலையும் சேர்த்து 14 ஓஸ் நாவல்களை எழுதி முடித்திருந்தார். பதிப்பாளர் ரைலி அண்டு லீ நிறுவனத்தார் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ரூத் பிளம்லி தாம்ப்சன் என்னும் எழுத்தாளரைக் கொண்டு 1921 முதல் தொடரை நீட்டித்தனர். அவர் எழுதியவை 19, பிறர் எழுதியவற்றோடு 1963க்குள் தொடர் 40 நூல்களாயிற்று.

இந்தத் தொடர்தன்மையே நூலகர்களின் வெறுப்புக்கு முதற்காரணமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொது நூலகங்களில் குழந்தைகளுக்கென்று தனி அறைகளும் பயிற்சி பெற்ற தனி நூலகர்களும் உருவாகி, எவை நல்ல நூல்கள் என்று பரிந்துரைப் பட்டியல்கள் தயாரிக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடைத்தது. ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த தொடர் கதைகளைச் சுவையைக் கெடுக்கும் வணிகச் சரக்காக அவர்களுள் பலர் எண்ணினர். ஓஸ் நூல்களின் உரைநடை எளியது, அழகற்றது என்பது மற்றொரு குறை. இதன் விளைவாகப் பல நூலகங்களில் ஓஸ் நாவல்கள் வாங்கப்படாமலோ குழந்தைகள் பிரிவில் வைக்கப்படாமலோ போயின. உரைநடை பற்றிய குறை முற்றிலும் பொய்யன்று; பாம் விரைந்து எழுதியவர், பிற்கால நூல்களில் நிகழ்ச்சிகள் கோவையின்றி நீள்வதும் உண்டு. ஆனால் அந்த எளிமைதான் கதையைத் தானே வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு எட்டச் செய்தது என்பதை அப்பட்டியல்களைத் தயாரித்தவர்கள் கணக்கில் கொள்ளவில்லை.

முதல் வாசகத் தலைமுறை வளர்ந்து எழுதத் தொடங்கியபோது எதிர்ப்புக்கு எதிர்வாதம் பிறந்தது. 1929இல் எட்வர்ட் வாகன்நெக்ட் வெளியிட்ட ‘உட்டோப்பியா அமெரிக்கானா’ என்னும் சிறு நூல், ஓஸ் நாட்டை அமெரிக்க மண்ணிலிருந்தே எழுந்த கனவுநாடாகக் கண்டு ஆராய்ந்தது. நகைச்சுவை எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பர் 1934இல் ‘நியூ ரிபப்ளிக்’ இதழில் எழுதிய கட்டுரை இன்னும் முக்கியமானது. துயரத்தையும் கொடுங்கனவையும் நீக்கியதாகப் பாம் கூறியது நிறைவேறவில்லை, நிறைவேறாததே நல்லது என்பது அவர் வாதம். சோளக்கொல்லை பொம்மை தன் வைக்கோலை இழந்தபோது சிறுவயதில் தாம் பட்ட வேதனையை அவர் சான்றாகக் காட்டினார். ஆசிரியரின் முன்னுரையை வாசக அனுபவத்தைக் கொண்டு மறுத்த இக்கருத்து சரியானது. மந்திரக் கோடரியால் உறுப்பிழந்த மனிதனின் கதையைக் கொண்ட நூல் அச்சமற்றது என்று எவ்வாறு கூற இயலும்?

1957ஆம் ஆண்டில் இரு தரப்பும் நேருக்கு நேர் மோதின. டெட்ராய்ட் பொது நூலக இயக்குநர் ரால்ஃப் உல்வலிங், ஓஸ் நூல்களால் பயனில்லை, அவை எதிர்மறை மனப்போக்கை வளர்ப்பவை என்ற பொருளில் பேசியது செய்தித்தாளில் வெளிவந்து பெருஞ்சர்ச்சையை எழுப்பியது. டெட்ராய்ட் அமைந்துள்ள அதே மிச்சிகன் மாநிலத்தில், அதே ஆண்டில், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் மார்ட்டின் கார்ட்னரும் ரசல் நையும் பதிப்பித்த ஓஸ் பற்றிய ஆய்வுநூலை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே 13 வயதுச் சிறுவரான ஜஸ்டின் ஷில்லர் முயற்சியால் 16 உறுப்பினர்களுடன் பன்னாட்டு ஓஸ் மன்றம் தொடங்கப்பட்டு, ‘பாம் பியூகிள்’ என்னும் இதழும் வெளிவரலாயிற்று. முதல் ஓஸ் நாவலின் பதிப்புரிமை 1956இல் காலாவதியானதும், அதைத் தழுவி 1939இல் வெளிவந்த திரைப்படம் அதே 1956இல் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதும் இந்த எழுச்சிக்குப் பின்புலமாக அமைந்தன.

1964இல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்னும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ‘அமெரிக்கன் குவார்ட்டர்லி’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, பெரியவர்களின் வாசிப்பை முற்றிலும் புதிய திசைக்குத் திருப்பியது. 1890களில் கடன்சுமையில் அமிழ்ந்த உழவர்கள், பணப்புழக்கத்தைப் பெருக்கும் பொருட்டுத் தங்கத்தோடு வெள்ளியையும் நாணய அடிப்படையாக்க வேண்டும் என்று கோரி நடத்திய மக்கள் கட்சி இயக்கத்தின் உருவகமே இக்கதை என்றார் அவர். மஞ்சள் செங்கல் பாதை தங்கம், டோரதியின் வெள்ளிக் காலணி வெள்ளி நாணயம், சோளக்கொல்லை பொம்மை உழவன், தகர மரவெட்டி ஆலைத் தொழிலாளி என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லப்பட்டது. மாணவருக்கு அக்கால அரசியலைக் கற்பிக்கும் உத்தியாகத் தொடங்கிய இவ்விளக்கம், பொருளியல் அறிஞர் ஹியூ ராக்காஃப் 1990இல் எழுதிய கட்டுரைக்குப் பின் பாடநூல்களில் உண்மை போலவே இடம்பெறலாயிற்று. ஆனால் 1896 அமெரிக்க அதிபர் தேர்தலில் பாம் வெள்ளிக் கோரிக்கைக்கு எதிரணியிலிருந்த மெக்கின்லியை ஆதரித்துப் பாட்டு வெளியிட்டவர். அவருக்கு அத்தகைய நோக்கம் இருந்ததற்கு அடிப்படை இல்லை என்று லிட்டில்ஃபீல்டே 1992இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். வகுப்பறைக்கு உதவும் ஒப்புமை வேறு, வரலாற்றுச் சான்று வேறு என்பதை அவ்விளக்கத்தைப் பரப்பியவர்கள் அவரளவுக்கு நேர்மையாகப் பிரித்துக் காணவில்லை.

வேறு சில பெரியவர்கள் நூலைச் சமயக் கண்ணால் வாசித்தனர். சூனியக்காரிகளுள் நல்லவரும் உண்டு என்று கதை காட்டுவது தங்கள் நம்பிக்கைக்கு மாறானது என்ற அடிப்படையில், டென்னசி மாநிலத்துப் பெற்றோர் சிலர் பள்ளி வாசிப்பு நூல்களை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் இக்கதையும் சுட்டப்பட்டது. 1986இல் அவர்களுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1987இல் மாற்றியது.

இவற்றினும் கனமான கேள்வியை எழுப்பியவர்கள் அமெரிக்கப் பழங்குடி மக்கள். தெற்கு டகோட்டாவின் அபர்டீன் நகரில் ஒரு வாரச் செய்தித்தாளின் ஆசிரியராக இருந்த காலத்தில், 1890 டிசம்பரிலும் 1891 ஜனவரியிலும் பாம் எழுதிய இரு தலையங்கங்கள் பழங்குடியினரை அடியோடு அழித்துவிட வேண்டும் என்று கோரின. இரண்டாவது தலையங்கம், லக்கோட்டா மக்கள் கொல்லப்பட்ட வூண்டட் நீ படுகொலை நடந்த சில நாள்களிலேயே வெளிவந்தது. 2006இல் பாமின் வழித்தோன்றல்கள் சிலர் லக்கோட்டா மக்களிடம் இதற்காக மன்னிப்புக் கோரினர். கருணையே உயர்ந்ததென்று கூறும் ஓஸ் நாவல்களை எழுதிய கையே அத்தலையங்கங்களையும் எழுதியது என்பதை நூலின் எந்த நேர்மையான வரலாறும் மறைக்கலாகாது.

கடல் கடந்தும் இந்நூலின் வாசக வரலாறு தொடர்ந்தது. சோவியத் நாட்டில் கணித ஆசிரியரான அலெக்சாந்தர் வோல்கவ் இக்கதையைத் தழுவி 1939இல் ‘மரகத நகரத்து மந்திரவாதி’ என்று ருஷ்ய மொழியில் வெளியிட்டார். 1959இல் லியோனித் விளாதிமிர்ஸ்கியின் ஓவியங்களுடன் திருத்தப்பதிப்பு வந்தபின் அது அங்கே பெரும்புகழ் பெற்றது. பாமின் பிற ஓஸ் நாவல்களைப் பெரும்பாலும் அறிந்திராத அந்நாட்டுக் குழந்தைகளும் கதை மேலும் தொடர வேண்டும் என்று வோல்கவுக்குக் கடிதம் எழுதினர். 1963 முதல் வோல்கவ் தம் சொந்தக் கற்பனையில் மேலும் ஐந்து நாவல்களை எழுதினார்.