நாட்டிங் ஹில் கார்னிவல் வரலாறு

நாட்டிங் ஹில் கார்னிவல் என்பது லண்டன் மாநகரின் மேற்குப் பகுதியில், ஆகஸ்டு மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையிலும் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையிலும் நடைபெறும் தெருத் திருவிழா ஆகும். இரண்டு நாட்களிலும் சேர்த்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுவதாகக் கணக்கிடுகிறார்கள். நுழைவுச்சீட்டு கிடையாது. லண்டனில் படிக்கவும் வேலை பார்க்கவும் வந்து தங்கியிருக்கும் பல நாட்டு இளைஞர்கள், நண்பர்களோடு கூட்டமாகக் கிளம்பி ஒரு முறையாவது இதைப் பார்த்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இது ஆட்டமும் பாட்டும் சாப்பாடும் நிறைந்த ஒரு விடுமுறை நாள். இதைத் தொடங்கியவர்களும் அந்த ஊருக்கு வெளியூர்க்காரர்களாக வந்தவர்களே. மாலை வேளையில் தனியாகத் தெருவில் நடக்க அஞ்சிய காலத்தில்தான் அவர்கள் இதைத் தொடங்கினார்கள்.

டிரினிடாடில் வேர்கள்

கார்னிவலின் தாய்வீடு கரீபியன் கடலில் உள்ள டிரினிடாட் தீவு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே குடியேறிய பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள், கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முன்பு முகமூடி நடனங்கள் நடத்தி வந்தனர். அடிமைகளுக்கு அதில் இடமில்லை. அடிமைமுறை 1830களில் ஒழிந்த பிறகு, விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வம்சாவளியினர் தெருவில் இறங்கித் தங்கள் கார்னிவலை நடத்தத் தொடங்கினர். தீப்பந்தம், சிலம்பத்தைப் போன்ற கோலாட்டம், மேளம் ஆகியவை அதில் முக்கியமானவை. கரும்புக் காட்டில் தீப்பிடித்தபோது அடிமைகளை விரட்டிக்கொண்டுபோய் அணைக்க வைத்ததன் நினைவாக அந்தத் தீப்பந்த ஊர்வலத்துக்குக் 'கான்புலே' என்று பெயர். ஆங்கிலேய ஆட்சிக்கு அது பிடிக்கவில்லை. 1881இல் காவல்துறை அதைத் தடுக்கப் போய், போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத் தெருக்களில் பெரும் மோதல் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தீப்பந்தத்துக்கும் மேளத்துக்கும் சட்டத்தால் கட்டுப்பாடு வந்தது.

இந்தியர்களுக்கும் இதே அனுபவம் அங்கே உண்டு. 1845 முதல் கல்கத்தாவிலிருந்தும், ஓரளவு சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள், டிரினிடாடில் முகரம் ஊர்வலத்தை 'ஹோசே' என்ற பெயரில் நடத்தினர். அதில் இந்துக்களும் சேர்ந்தே நடந்தார்கள். பொதுச்சாலையில் ஊர்வலம் வரக்கூடாது என்ற தடையை மீறி 1884 அக்டோபரில் சான் ஃபெர்னாண்டோ நகரை நோக்கி வந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. குறைந்தது 16 பேர் இறந்தனர். ஒரு தீவில், மூன்றே ஆண்டு இடைவெளியில், இருவேறு மக்களின் ஊர்வலங்கள் தெருவுக்காக அடிபட்டன.

மேளம் போனாலும் தாளம் போகவில்லை. மக்கள் மூங்கில் குழாய்களைத் தரையில் தட்டி ஒலியெழுப்பினர். 1930களில் பிஸ்கட் டப்பா, பெயிண்ட் டப்பா போன்றவற்றைத் தட்டினர். பிறகு எண்ணெய் பீப்பாயின் அடிப்பகுதியைக் குழித்து, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு சுரம் வரும்படி செய்தனர். அதுவே இன்று உலகம் அறிந்த ஸ்டீல் பேன் என்னும் எஃகு மேளம்.

லண்டனில் வந்து இறங்கியவர்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் ஆள் பற்றாக்குறை இருந்தது. 1948 ஜூனில் எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பல் கரீபியன் மக்கள் சில நூறு பேரை டில்பரி துறைமுகத்தில் இறக்கியது. தொடர்ந்து வந்தவர்கள் பேருந்து, ரயில், மருத்துவமனை என்று எல்லா இடங்களிலும் வேலை பார்த்தார்கள். வேலை கிடைத்த அளவுக்கு வீடு கிடைக்கவில்லை. 'கறுப்பருக்கு வீடு இல்லை' என்று வாசலிலேயே எழுதி மாட்டியிருந்தவர்கள் உண்டு. இன்று கோடீசுவரர்கள் வாழும் நாட்டிங் ஹில், அந்நாளில் இடிந்த வீடுகள் நிறைந்த ஏழைப் பேட்டை. அங்கேதான் ஒரே அறையில் பலர் நெருக்கியடித்துக்கொண்டு, கொள்ளை வாடகை கொடுத்துக் குடியிருந்தனர்.

1958 ஆகஸ்டு இறுதியில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் அப்பகுதியில் கறுப்பின மக்களையும் அவர்கள் வீடுகளையும் தாக்கின. செப்டம்பர் முதல் வாரம் வரை கலவரம் நீடித்தது.

கிளாடியா ஜோன்ஸ்

இந்த வரலாற்றில் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டிய பெயர் கிளாடியா ஜோன்ஸ். 1915இல் டிரினிடாடில் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே நியூயார்க் சென்றவர். காசநோயால் பாதிக்கப்பட்டவர். பொதுவுடைமைக் கட்சியில் பணியாற்றியதற்காக அமெரிக்க அரசு அவரைச் சிறையில் அடைத்து, 1955 டிசம்பரில் நாடு கடத்தியது. பிரிட்டன் அவரை ஏற்றுக்கொண்டது. 1958இல் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் 'வெஸ்ட் இந்தியன் கெசட்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

கலவரம் நடந்து சில மாதங்களில், மனம் உடைந்திருந்த தம் மக்களுக்கு ஒரு கார்னிவல் நடத்திக் காட்ட அவர் முடிவு செய்தார். அடிபட்டவர்களுக்கு ஆட்டம் எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். துக்கத்தில் இருக்கும் வீட்டில் உறவினர் கூடுவதன் அருமை தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. 1959 ஜனவரி 30 அன்று செயின்ட் பேங்க்ரஸ் நகர மன்றத்தில் கலிப்சோ பாட்டு, எஃகு மேளம், அழகுப் போட்டி ஆகியவற்றுடன் விழா நடந்தது. கடும் குளிர்காலமானதால் தெருவில் நடத்த வழியில்லை. பிபிசி அதை ஒளிபரப்பியது. வருமானத்தில் ஒரு பகுதி, நாட்டிங் ஹில் நிகழ்வுகளில் சிக்கிய கறுப்பின, வெள்ளையின இளைஞர்களின் அபராதத்தைக் கட்ட ஒதுக்கப்பட்டது. வெள்ளையினத்தவரையும் அதில் சேர்த்தது கவனிக்கத்தக்கது.

அதே ஆண்டு மே மாதம், ஆண்டிகுவா தீவைச் சேர்ந்த கெல்சோ காக்ரேன் என்ற 32 வயதுத் தச்சர், நாட்டிங் ஹில் தெருவில் இரவில் வீடு திரும்பும்போது குத்திக் கொல்லப்பட்டார். இறுதி ஊர்வலத்தில் 1,000 பேருக்கு மேல் கலந்துகொண்டனர். கொலைக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

கிளாடியா ஜோன்ஸ் ஆண்டுதோறும் அரங்கங்களுக்குள் கார்னிவலைத் தொடர்ந்து நடத்தினார். 1964 டிசம்பரில் தம் 49ஆம் வயதில் காலமானார். ஹைகேட் இடுகாட்டில் கார்ல் மார்க்சின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

தெருவுக்கு வந்தது

1966இல் ரோன் லாஸ்லெட் என்ற சமூகப் பணியாளர், நாட்டிங் ஹில்லில் குழந்தைகளுக்காக ஒரு தெருவிழா நடத்தினார். அயர்லாந்து, உக்ரைன், ஸ்பெயின், போர்ச்சுகல், கரீபியன் என்று அங்கே வாழ்ந்த எல்லா மக்களும் ஒன்றாகக் கூட வேண்டும் என்பது அவர் எண்ணம். டிரினிடாடைச் சேர்ந்த ரஸ் ஹெண்டர்சன் தம் எஃகு மேளக் குழுவுடன் வாசிக்க வந்திருந்தார். ஓரிடத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தவர்கள், மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கத் தொடங்கினர். எந்தத் தெரு வழியே போவது என்று முன்திட்டம் எதுவும் இல்லை. கடைக்குப் போனவர்கள் கூடப் பையும் கையுமாக ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டதாகச் சொல்வார்கள்.

கார்னிவலைத் தொடங்கியவர் கிளாடியாவா, லாஸ்லெட்டா என்ற வாதம் இன்றும் நடக்கிறது. ஒருவர் விழாவுக்கான காரணத்தைத் தந்தார், மற்றவர் தெருவைத் தந்தார் என்று கொள்வதே பொருத்தம். ஊர்வலமாக்கிய பெருமையோ இருவருக்கும் இல்லை. அது ஹெண்டர்சன் குழுவின் கால்களுக்கு உரியது.

1973 முதல் 1975 வரை பொறுப்பேற்ற லெஸ்லி பால்மர் ஓர் ஆசிரியர். பல தீவுகளின் வேடக் குழுக்களைச் சேர்த்தார். ஜமைக்கா இளைஞர்களை ஈர்க்க, தெருமுனைகளில் பெரிய ஒலிபெருக்கிகள் வைத்து ரெகே இசைக்க வழிசெய்தார். கூட்டம் பல மடங்கு பெருகியது. 1976இல் சுமார் 3,000 போலீசார் குவிக்கப்பட்டனர். ஏற்கெனவே வழிமறித்துச் சோதனையிடும் காவல்துறை மீது கசப்பு கொண்டிருந்த கறுப்பின இளைஞர்களுக்கும் அவர்களுக்கும் மோதல் மூண்டு, இரு பக்கமும் பலர் காயமடைந்தனர். விழாவையே தடைசெய்ய வேண்டும் என்ற குரல் அன்று எழுந்தது. ஊர்வலத்தை ஹைட் பார்க் பூங்காவுக்கு மாற்றலாம் என்ற யோசனையும் பின்னாளில் வந்தது. நெரிசல் பற்றிய கவலை நியாயமானதே. ஆனாலும் வேலி போட்ட பூங்காவுக்குள் ஆடுவதற்காக இவர்கள் தெருவுக்கு வரவில்லை என்பதை மறந்துவிட்டே அந்த யோசனை சொல்லப்படுகிறது.

இன்றைய விழா

ஞாயிறு குடும்பங்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய நாள். திங்களன்று பெரிய ஊர்வலம். இறகும் மணியும் பதித்த உடைகளோடு குழுக்கள் லாரிகளின் பின்னால் ஆடி வருகின்றன. கடைக்காரர்கள் கண்ணாடிகளை ஒட்டுப்பலகையால் மூடிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். போகாத சில வீட்டுக்காரர்கள் தங்கள் கழிப்பறையைக் காசுக்கு விடுவார்கள். பாதியாக வெட்டிய எண்ணெய் பீப்பாயில் கரிமூட்டி, மசாலா தடவிய கோழியைச் சுடுகிறார்கள். டிரினிடாடுக்குக் கூலிகளோடு போன ரொட்டியும் கறிக்குழம்பும் இங்கே கரீபியன் உணவாகவே விற்கப்படுகின்றன. நண்பர்களோடு செல்பவர்கள் கூட்டத்தில் பிரிந்தால் சேர்வது கடினம். அருகிலுள்ள சில சுரங்க ரயில் நிலையங்களும் மூடப்பட்டிருக்கும் என்பதால், திரும்பும் வழியை முன்பே பேசி வைப்பது நல்லது.

2017 ஜூனில் அப்பகுதியிலுள்ள கிரென்ஃபெல் கோபுரக் குடியிருப்பில் தீப்பற்றி 72 பேர் இறந்தனர். அதன் பின்னர் கார்னிவல் நாட்களில் பிற்பகல் 3 மணிக்கு எல்லா இசையும் நிறுத்தப்பட்டு, 72 விநாடிகள் மௌனம் காக்கப்படுகிறது. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனா காரணமாகத் தெருவிழா நடக்கவில்லை. 2022இல் மீண்டும் நடந்தது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலும், கனடாவின் டொராண்டோ நகரிலும் 1967 முதல் கரீபியன் மக்கள் இதே போன்ற தெரு ஊர்வலங்களை நடத்தி வருகிறார்கள்.