மேசைமேல் ஓர் அம்பு

கடைசிப் பன்னிரண்டு நொடி. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். எதிரணி ஆள் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்க, நான் இரண்டு கையையும் உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டேன். ரெஃப்ரி விசில் அடித்து இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினார். 'ஜம்ப் பால்!' என்று எங்கள் பெஞ்சே எழுந்து கத்தியது. ஆனால் யாரும் குதிக்கவில்லை. ஸ்கோரர் மேசையில் இருந்த அம்புக்குறி அவர்கள் பக்கம் காட்டியது. பந்து அவர்களுக்கே போனது. இதென்னடா நியாயம் என்று அன்றைக்கு வந்த எரிச்சல்தான் என்னை இந்த விதியின் கதையைத் தேட வைத்தது.

1891 டிசம்பர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கூடத்துக்குள் ஆட ஒரு விளையாட்டை யோசித்துக்கொண்டிருந்தார். அதை எப்படித் தொடங்குவது? ரக்பியில் இரண்டு வரிசை ஆட்களுக்கு நடுவே பந்தை எறிவார்கள். சுவர்களுக்குள் அதைச் செய்தால் கை கால் முறியும். ஆகவே அணிக்கு ஒருவரை மட்டும் நிறுத்தி, நடுவில் பந்தைத் தூக்கிப் போட்டால் முரட்டுத்தனத்துக்கு வழியிருக்காது என்று நினைத்தார். அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார் பாவம்.

அப்போது ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடுவட்டத்துக்குத் திரும்பிக் குதிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் 18 பேர் ஆடி விழுந்ததே ஒரு கூடைதான், அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. ஸ்கோர் ஏற ஏறத்தான் வினை தெரிந்தது. நெட்டையான ஓர் ஆள் கையில் இருந்தால் போதும், கூடை போட்ட அணிக்கே பந்து திரும்பத் திரும்ப வரும். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் சாம் பாரி போன்றவர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 1937-38 பருவத்தில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலிருந்து அது நீங்கியது. கூடை வாங்கிய அணி உடனே எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறியலாம். இன்று நாம் ரசிக்கும் மூச்சுவாங்கும் ஓட்டத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் இருவர் பிடியில் பந்து சிக்கினால் குதிப்பது தொடர்ந்தது. ரெஃப்ரி பந்தைக் கோணலாக எறிந்தால் ஒரு சண்டை, உச்சிக்குப் போகும் முன்பே ஒருவன் தட்டினால் இன்னொரு சண்டை. 1981-82இல் அமெரிக்கக் கல்லூரிகள் அம்புக்கு மாறின. 2003இல் ஃபிபாவும் மாறியது. தொடக்கத்தில் ஒரே ஒரு குதிப்பு. அதில் பந்தை இழந்த அணிக்கு முதல் அம்பு. அந்த அணி பந்தை உள்ளே எறிந்து முடித்ததும் அம்பு திரும்பும்.

என்பிஏ இன்னும் பிடிவாதமாகக் குதிக்கிறது. எனக்கும் அதுதான் பிடிக்கும். அம்பு விதியில், உயிரைக் கொடுத்துப் பந்தைப் பிடித்த தடுப்பாட்டக்காரனின் உழைப்புக்கு எந்த மதிப்பும் இல்லை.

ஆனாலும் அன்று என்னோடு குதித்திருக்க வேண்டியவன் என்னைவிட ஒரு தலை உயரம். தவிர, மூன்றாம் கால்பகுதியில் அம்பு எங்கள் பக்கம் இருந்தபோது, அவர்களில் ஒருவன் தரையில் விழுந்து புரண்டு பிடித்த பந்து எங்களுக்குத்தான் வந்தது. அதில் இரண்டு புள்ளியும் எடுத்தோம்.