கார்த்திகை: அறுமீன் கதை

கார்த்திகை, ரிஷப விண்மீன் குழுவில் நெருங்கி அமைந்த மீன்கொத்து. வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் ஆறு மீன்களே தெரிவதால் சங்க இலக்கியம் இதை அறுமீன் என்றது. ஆரல் என்றும் பெயருண்டு. 27 நட்சத்திர வரிசையில் இது மூன்றாவது.

கதை வளர்ந்த விதம்

மகாபாரதத்தின் வனபருவத்தில், ஏழு முனிவர்களின் மனைவியருள் அருந்ததி நீங்கலாக அறுவர், செய்யாத குற்றத்துக்காகக் கணவர்களால் விலக்கப்படுகின்றனர். முருகன் அவர்களைத் தாயராக ஏற்று வானில் இடம் தருகிறான். பரிபாடலின் 5ஆம் பாடலில் அந்த அறுவரே அவனை ஈன்ற தாயர். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து எழுந்த பொறிகள் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாகின்றன. கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டுகின்றனர். கதை மாறியபோதும் ஆறு என்ற எண்ணிக்கை மாறவில்லை.

ஏழாமவளான அருந்ததி, வடவானில் சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டர் மீனை ஒட்டி மங்கலாகத் தெரிகிறாள். திருமணத்தில் மணமக்களுக்குக் காட்டப்படும் மீன் இதுதான். வானில் வெகுதொலைவு விலகி நிற்கும் இரு கூட்டங்களையும் ஒரே கதை இணைத்து, இங்கே ஏன் ஆறு, அங்கே ஏன் ஒருத்தி என்று குழந்தைக்கு விளக்கிவிடுகிறது. எழுத்தறியாதவரும் வானத்தை மனப்பாடம் செய்ய இத்தகைய கதைகள் உதவின.

பிற நாடுகளில்

கிரேக்கர் இவற்றை அட்லஸின் ஏழு மகள்கள் என்றனர். ஆறுதானே தெரிகிறது என்ற கேள்விக்கு, மனிதனை மணந்த மெரோப்பி வெட்கி முகம் மறைத்தாள் என்று அங்கேயும் ஒரு கதை பிறந்தது. ஜப்பானியர் இக்கொத்தை சுபாரு என்கின்றனர்.

அறிவியல்

1610இல் கலிலியோ தொலைநோக்கியால் பார்த்து 36 மீன்களை வரைந்தார். 1,000க்கும் மேற்பட்ட விண்மீன்கள் இதில் இருப்பதை இன்று அறிவோம். தொலைவு ஏறத்தாழ 440 ஒளியாண்டுகள்.

காணும் முறை

கார்த்திகை மாதப் பௌர்ணமியில் நிலா இக்கொத்தின் அருகே வரும். அகநானூறு பாடும் விளக்குவிழாவும் அந்த நாளுக்கு உரியதே. ஆனால் நிலவொளியில் மீன்கள் மங்கிவிடும். தீபத்துக்கு ஒரு வாரம் கழித்து, நிலா எழாத முன்னிரவில் பார்ப்பது நல்லது. தாம்பரம்–வேளச்சேரி சாலையை ஒட்டிய ராஜகீழ்ப்பாக்கம் போன்ற இடங்களில், தெருவிளக்கு படாத மொட்டைமாடியிலிருந்து கீழ்வானில் தேடலாம். வரிசையாக நிற்கும் மூன்று ஓரியன் மீன்களை இணைக்கும் கோட்டை மேல்நோக்கி நீட்டினால் சிவந்த ரோகிணி வரும். அதைத் தாண்டினால் கார்த்திகை. குழந்தைகளை முதலில் எண்ணவிட வேண்டும்; ஆறு என்று அவர்களே சொன்ன பிறகு கதையைத் தொடங்கினால், கதை எதை விளக்க எழுந்தது என்பது தானே புரியும்.