மீனுக்குள் புழு இருந்தால் தூக்கி எறிய வேண்டுமா?

காலைப் பாசாரில் வாங்கி வந்த கெம்போங் மீனின் வயிற்றைக் கீறும்போது, குடலோடு ஒட்டியபடி வெள்ளை நூல் துண்டு போல ஒன்று சுருண்டு கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருப்பார்கள். சிலர் நரம்பு என்று நினைத்துக் கழுவிவிடுவார்கள். சிலர் மீன்காரரைத் திட்டிக்கொண்டே முழு மீனையும் குப்பையில் போடுவார்கள்.

அது பெரும்பாலும் அனிசாகிஸ் என்ற உருளைப்புழுவின் இளம்பருவம். மீன் கெட்டுப்போனதால் வந்த புழு அல்ல. ஈ மொய்த்த மீனில் நெளிவது வேறு, இது வேறு. மீன் உயிரோடு கடலில் நீந்தியபோதே இது உள்ளே புகுந்துவிட்டது. ஆகவே புத்தம்புதிய மீனிலும் இருக்கும்.

வளர்ந்த அனிசாகிஸ் திமிங்கிலம், டால்பின் போன்றவற்றின் இரைப்பையில் வாழ்கிறது. அவற்றின் கழிவோடு முட்டைகள் கடலில் கலக்கின்றன. பொரிந்து வரும் நுண்புழுவைக் கூனி போன்ற சிற்றுயிர்கள் தின்ன, அவற்றை மீனும் கணவாயும் தின்ன, புழு அங்கே தங்கிவிடுகிறது. மனிதனுக்கு இந்தச் சங்கிலியில் இடமே இல்லை. தப்பித் தவறி உயிருள்ள புழு மனித வயிற்றுக்குள் போனால் அதனால் அங்கே வளர முடியாது. ஆனால் சாவதற்குள் இரைப்பைச் சுவரைத் துளைக்கப் பார்க்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வருவது அதனால்தான். மருத்துவர் வாய்வழியே எண்டோஸ்கோப் குழாயை விட்டுப் புழுவைப் பிடித்து எடுப்பதே இதற்கு வழக்கமான சிகிச்சை.

நெதர்லாந்தில், லேசாக உப்பிட்ட ஹெரிங் மீனைச் சமைக்காமல் உண்டவர்களிடம் இந்நோய் கண்டறியப்பட்டு 1960இல் மருத்துவ உலகுக்குத் தெரிய வந்தது. ஹெரிங்கை உறைய வைத்த பிறகே விற்க வேண்டும் என்று 1968இல் அந்நாடு சட்டம் போட்டது. அதன்பின் அங்கு நோய் அநேகமாக மறைந்தது.

புளி கொல்லாது, சூடு கொல்லும்

நம் வீட்டுக் குழம்புக்கு இந்தப் பயம் தேவையில்லை. மீனின் நடுப்பகுதி 63 பாகை செல்சியஸ் சூட்டை எட்டினால் புழு செத்துவிடும். கொதிக்கும் குழம்பு அதைத் தாண்டிய சூடு. சதை வெண்மையாகி முள்ளிலிருந்து கழன்று வந்தால் மீன் வெந்துவிட்டது என்று அர்த்தம். கவனம் தேவைப்படுவது இக்கான் பாக்காரில்தான். வாழையிலையில் சுற்றித் தணலில் வைத்த பெரிய மீன் வெளியே கருகியிருக்கும், முள்ளோரம் பச்சையாகவே இருக்கும்.

மஞ்சளும் உப்பும் புளியும் தடவி ஊற வைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. இரைப்பை அமிலத்திலேயே உயிரோடு இருக்கும் புழுவை எலுமிச்சைச் சாறு என்ன செய்யும்? சரவாக்கின் உமாய், சபாவின் ஹினாவா இரண்டிலும் எலுமிச்சை பட்டதும் மீன் வெந்தது போல வெளுக்கும். அது நிற மாற்றம் மட்டுமே. சுஷி போலப் பச்சையாக உண்ணும் மீனை -20 பாகையில் 7 நாள், அல்லது -35 பாகையில் உறைய வைத்து அதே குளிரில் 15 மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டல். அடிக்கடி திறந்து மூடும் வீட்டுக் குளிர்பெட்டி அந்தக் குளிரைத் தொடர்ந்து தாங்காது.

குளத்து மீன் இன்னும் ஆபத்து

தோட்டப்புறத்தில் வாய்க்காலிலும் ஈயக்குட்டையிலும் தூண்டில் போட்டுப் பிடிக்கும் விரால், கெளுத்தி, விலாங்கு ஆகியவற்றில் நாத்தோஸ்டோமா என்ற வேறொரு புழு இருக்கக்கூடும். இது மனித வயிற்றோடு நிற்பதில்லை. தோலுக்கடியில் ஊர்ந்து, இன்று தோளில், அடுத்த வாரம் வயிற்றில் என்று இடம் மாறும் வீக்கத்தை உண்டாக்கும். அரிதாகக் கண்ணுக்கும் மூளைக்கும் போய்விடும். இதன் வளர்ந்த புழு வாழ்வது பூனை, நாயின் இரைப்பையில். மீன் குடலைப் பச்சையாக வீட்டுப் பூனைக்குப் போட்டால், முட்டைகள் அதன் கழிவோடு மறுபடியும் வாய்க்காலுக்கே போகும். குடலை வேக வைத்துப் போடுங்கள், அல்லது ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

அறுவை சிகிச்சை செய்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் விரால் சூப் கொடுக்கும் வழக்கத்தை இதற்காக விட வேண்டியதில்லை. நன்றாகக் கொதித்த சூப்பில் புழு பிழைக்காது.

வடகிழக்குத் தாய்லாந்தில் 'கோய் பிளா' என்று, பச்சை ஆற்று மீனைக் கொத்தி மிளகாயும் எலுமிச்சையும் கலந்து உண்கிறார்கள். அதன்வழி உடலுக்குள் போகும் கல்லீரல் தட்டைப்புழு பித்தநாளத்தில் பல ஆண்டுகள் குடியிருக்கும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் இப்புழுவை அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994இல் சேர்த்தது.

புழு இல்லாவிட்டாலும் பச்சை ஆற்று மீன் நம்பத்தக்கதல்ல. 2015இல் சிங்கப்பூரில் கஞ்சியோடு பச்சை மீன் உண்ட பலரைக் கடுமையான பாக்டீரியாத் தொற்று தாக்கியது. அவ்வாண்டு இறுதியில், பச்சை நன்னீர் மீன் உணவு விற்பதற்கு அங்கு தடை வந்தது.

மீன் வீட்டுக்கு வந்ததும் குடலை எடுத்துவிடுவது நல்லது. மீன் செத்தபின் புழு குடலிலிருந்து சதைக்கு நகரலாம். கண்ணில் பட்ட புழுவைக் கிள்ளி எறிந்துவிட்டு, மீனை நன்றாக வேக வைத்துச் சாப்பிடலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. அனிசாகிஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, வெந்து செத்த புழுவும் தடிப்பையும் மூச்சுத் திணறலையும் வரவழைக்கக்கூடும். அவர்கள் எந்த மீனைச் சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பச்சை மீன் சாப்பிட்ட பிறகு வயிற்றுவலி வந்து கிளினிக்குக்குப் போகிறவர்கள், என்ன மீன், எப்போது சாப்பிட்டோம் என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாதாரண வயிற்றுவலி என்று நினைத்து அவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிடக்கூடும்.