நம்ம கேம் வரலாறு 'டூப்ளிகேட்'லதான் இருக்குங்க

ரெட்ரோ கேம் சேகரிக்கிறவங்க எல்லாரும் தேடுறது 'ஒரிஜினல்'. ஆனா கோயம்புத்தூர்ல ஒரு வீட்டுப் பரண்ல தேடினா என்ன கிடைக்கும்?

நிண்டெண்டோவின் ஃபேமிகாம் ஜப்பான்ல வந்தது 1983 ஜூலை 15. 90-களில் இந்திய வீடுகளுக்குள்ள நுழைஞ்சது பெரும்பாலும் அதோட நகல்கள்தான்: மீடியா, லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர். கேசட் மேல '9999 கேம்'னு போட்டிருக்கும். உள்ளே இருக்குறது கொஞ்சம்தான். அதுவே வேற வேற பேர்ல திரும்பத் திரும்ப வரும். மாரியோ, கான்ட்ரா எல்லாம் பலருக்கு அறிமுகமானது இப்படித்தான்.

இப்ப நிலைமை வேற. பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவுல, ஜப்பான்ல வந்தது 2020 நவம்பர் 12. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2. மூணு மாசம்கூட ஆகலை. அதுக்கு பில் இருக்கு, விற்பனைக் கணக்கு இருக்கு. அந்த நகல்களோ நிண்டெண்டோவோட எந்தக் கணக்குலயும் கிடையாது. நாம என்ன விளையாடினோம்ங்கறதுக்கு அந்த கேசட்தான் சாட்சி. பழைய இரும்புக்குப் போட்டா அதுவும் போச்சு.

அதனால எடுத்து பத்திரமா வைங்க. வாயால மட்டும் ஊதாதீங்க, ஈரம் பட்டா பின் அரிச்சிரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுல துடைச்சா போதுமுங்க.